சொந்தச் சமூகமே தள்ளி வைத்த இயக்குநர்

இந்த இதழுக்கு யாரைப் பற்றி எழுதலாம் என்று கேட்டபோது நண்பர்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் நமக்குப் பழகின பெயர்கள்தான். விவேகானந்தர், பாரதியார், வள்ளலார். நான் சொன்ன பெயரைக் கேட்டு இரண்டு பேர் யார் அது என்றார்கள். ஒருத்தர் மட்டும் பத்மா சுப்ரமணியத்தின் அப்பாவா என்று கேட்டார். ஆமாம், அவரேதான். இயக்குநர் கே. சுப்ரமணியம். நம்ம தாத்தா, பாட்டி காலத்தில் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். இன்றைக்கு ஜொகூரில் உள்ள ஓர் இளைஞர் இவரை ஏன் தெரிந்துகொள்ளணும் என்றால், நாம் இன்னும் முடிக்காத ஒரு சண்டையை இவர் 1937-லேயே ஆரம்பித்து வைத்தார்.

1904-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தில் பிறந்தார். பிராமணக் குடும்பம். அப்பா வக்கீல். இவரும் சட்டம்தான் படித்தார். ஒழுங்காகக் கோர்ட்டுக்குப் போயிருந்தால் வசதியாக, மரியாதையாக வாழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மனுஷன் மௌனப் படக் காலத்திலேயே சினிமா பக்கம் சாய்ந்துவிட்டார். சென்னையில் பத்மநாபன் நடத்திய அசோசியேட்டட் பிலிம்ஸ் கம்பெனியில், அன்றைய பெரிய இயக்குநர் ராஜா சாண்டோவோடு சேர்ந்து வேலை கற்றார். அந்த நாளில் படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சினிமா என்பது வெளியே சொல்லிக்கொள்ளவே வெட்கப்படுகிற தொழில். நம்ம வீடுகளில் ஒரு பிள்ளை மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு யூடியூப் பண்ணப் போறேன் என்றால் என்ன நடக்குமோ, அதைவிடப் பெரிய கலவரம் அப்போது நடந்திருக்கும்.

1934-இல் வந்த பவளக்கொடிதான் இவர் இயக்கிய முதல் படம். தியாகராஜ பாகவதருக்கும் அதுதான் முதல் படம். எஸ். டி. சுப்புலட்சுமி கதாநாயகி. அந்தப் படம் எடுத்த விதத்தைப் படிக்கும்போது பொறியியல் மாணவனான எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சென்னை அடையாறில் திறந்த வெளியில், சூரிய வெளிச்சத்தை நம்பித்தான் படப்பிடிப்பு. மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். டப்பிங் கிடையாது, நடிக்கும்போதே பேசணும், பாடணும், அதே நேரத்தில் ஒலியும் பதிவாகணும். சாப்பாட்டு வாசனைக்குக் காக்கைகள் கூடிக் கத்தும், மைக்கில் அதுவும் பதிவாகும். அதனால் காக்கை விரட்டுவதற்கென்றே ஓர் ஆளைத் துப்பாக்கியோடு வேலைக்கு வைத்திருந்தார்களாம்! இதற்கு நடுவில் ஏறக்குறைய 50 பாட்டு. படம் பெரிய வெற்றி.

அதே வழியில் போயிருந்தால் புராணப் படமாக எடுத்துத் தள்ளிப் பணக்காரராக ஆகியிருக்கலாம். பக்த குசேலா மாதிரிப் படங்களும் எடுத்தார்தான். ஆனால் 1937-இல் பாலயோகினி வந்தது.

அந்தக் காலத்துச் சூழ்நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கணும். சின்ன வயசிலேயே பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள். அதைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல்தான் வந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் கல்யாணமாகி, புருஷன் இறந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கையே முடிந்தது. தலையை மழித்து, வெள்ளையோ காவியோ கட்டி, வீட்டின் பின்கட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரில் வந்தால் அபசகுனம். இன்னொரு பக்கம், சேரியில் பிறந்தவர் கோவிலுக்குள்ளே கால் வைக்க முடியாது. திருவிதாங்கூரில் 1936 நவம்பரில்தான் மகாராஜா கோவில் கதவை எல்லாருக்கும் திறந்துவிட்டார். தமிழ்நாட்டில் அப்போதும் திறக்கவில்லை.

பாலயோகினி கதையில் இந்த இரண்டும் ஒன்றாக வந்தன. ஏழை பிராமணர் ஒருவர் கடனைக் கட்ட முடியாமல் கைதாகிறார். அவருடைய சின்ன மகள் சரசா, உதவி கேட்டு ஒரு சப் கலெக்டர் வீட்டுக்குப் போகிறாள். அங்கே சப் கலெக்டரின் விதவைத் தங்கை ஜானகி இருக்கிறாள். கடைசியில் அந்தப் பெரிய வீட்டிலிருந்து இருவரும் துரத்தப்படுகிறார்கள். அவர்களுக்கு இடம் கொடுப்பவர் அந்த வீட்டின் வேலைக்காரர் முனுசாமி, தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர். ஜானகி இறந்த பிறகும் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே வளர்க்கிறார். பிராமணப் பிள்ளை சேரி வீட்டில் வளர்வதா என்று ஒரு கூட்டம் வந்து அவர் குடிசைக்குத் தீ வைக்கிறது. அந்தக் கூட்டத்தை எதிர்த்து நின்று கேள்வி கேட்பவள் ஒரு சின்னப் பிள்ளை.

சரசாவாக நடித்தது சுப்ரமணியத்தின் சகோதரர் மகள் பேபி சரோஜா. ஹாலிவுட்டில் அப்போது ஷெர்லி டெம்பிள் புகழோடு இருந்த நேரம். இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்றே இந்தக் குழந்தையைக் கொண்டாடினார்கள். அந்த வருஷங்களில் பிறந்த பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைப்பது ஒரு அலையாகவே ஆகிவிட்டது. உங்க சொந்தத்தில் எண்பதைத் தாண்டின சரோஜா பாட்டி யாராவது இருந்தால் பெயர்க் காரணத்தைக் கேட்டுப் பாருங்க.

இதைவிடத் துணிச்சலான வேலை ஒன்றையும் இவர் செய்தார். விதவை வேஷத்துக்கு நடிகை ஒருவரைப் போட்டு வெள்ளைப் புடவை கட்டிவிடவில்லை. உண்மையிலேயே விதவையான ஒரு பிராமணப் பெண்ணையே நடிக்க வைத்தார். வீட்டு வாசலுக்கு வரக்கூடாது என்று சொல்லப்பட்ட ஒருத்தரை ஆயிரக்கணக்கான பேர் பார்க்கும் வெள்ளித் திரைக்குக் கொண்டுவந்தார்.

படம் மக்களிடம் நன்றாக ஓடியது. தஞ்சாவூர் பிராமணர்கள் கூட்டம் போட்டார்கள். தங்களில் ஒருவரே தங்களைப் பற்றி இப்படிப் படம் எடுத்ததை அவர்களால் தாங்க முடியவில்லை. சுப்ரமணியத்தைச் சாதியை விட்டுத் தள்ளி வைப்பதாக முடிவு எடுத்தார்கள்.

தள்ளி வைப்பது என்றால் என்ன என்று நம்ம தலைமுறைக்கு அவ்வளவாகப் புரியாது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குகிற மாதிரி இல்லை அது. கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வர மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள், திதி கொடுக்கப் புரோகிதர் வர மாட்டார். மனுஷனுக்குச் சொந்தம் என்று இருப்பதையெல்லாம் ஒரே நாளில் பிடுங்கிக்கொள்வது. வெளியாள் ஒருவர் வந்து நம்மைக் குறை சொன்னால் கோபப்பட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். உள்ளே இருக்கிறவன் சொன்னால்தான் துரோகி என்கிறோம். அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டும் இவர் அடுத்த படத்தை ஆரம்பித்தார்.

அந்த அடுத்த படம், 1938-இல் வந்த சேவாசதனம். இந்தியில் பிரேம்சந்த் எழுதிய நாவல். அதைத் தமிழில் தந்தவர் எஸ். அம்புஜம்மாள். வரதட்சணைக்கு வழியில்லாமல் வயசான ஒருத்தருக்குக் கட்டிக்கொடுக்கப்படும் இளம்பெண், சந்தேகத்தால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, தவறான இடத்தில் போய்ச் சேருகிறாள். பிறகு அப்படிப்பட்ட பெண்களின் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்துகிறாள். சுமதி என்ற அந்தப் பெண்ணாக நடித்தவர், நம்ம வீடுகளில் காலையில் சுப்ரபாதமாகக் கேட்கிற அதே எம். எஸ். சுப்புலட்சுமி. அவருக்கு அதுதான் முதல் படம், அப்போது வயது 21. அவரும் தேவதாசி மரபில் வந்த அம்மாவின் மகள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த வேஷம் அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்கத் தோணுது. கணவனாக நடித்தவர் எப். ஜி. நடேச ஐயர். மனம் திருந்திய அந்தக் கிழவர் தன் பூணூலையே கழற்றி எறிகிற காட்சி ஒன்று உண்டு. சாதியை விட்டுத் தள்ளி வைக்கப்பட்ட ஒருவர், அடுத்த வருஷமே இப்படி ஒரு காட்சி வைக்கிறார் என்றால் அந்த மனசின் உறுதியை என்ன சொல்வது!

சிலர் இவரை நாத்திகர் என்று நினைத்துக்கொள்ளலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. அதே காலத்தில் பெரியாரின் சுயமரியாதை இயக்கம் மதத்தையே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நம்ம மலாயாவுக்கும் அந்தக் காற்று வந்தது. பெரியார் 1929 கடைசியில் இங்கே வந்தார். சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932-இல் தோன்றியது, 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். சுப்ரமணியத்தின் வழி வேறு. அவர் காந்தியவாதி, பக்தி உள்ளவர். படத்தில் பாட்டும் பக்தியும் கோவிலும் நிறைய வரும். கடவுளை நம்புகிறவனாகவே உள்ளே நின்றுகொண்டு, இது கடவுள் சொன்னது இல்லை, மனுஷன் செய்த அநியாயம் என்று சொன்னார். 1940-இல் பக்த சேதா என்று ஒரு படம் எடுத்தார். செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர்தான் அதில் பக்தர். புராணக் கதையா கேட்டீர்கள், இந்தாங்க என்று அதற்குள்ளேயே சாதிக் கேள்வியை வைத்துவிட்டார்.

ஆனாலும் எல்லாவற்றிலும் பெரிய படம் தியாகபூமி. 1939 மே 20-ஆம் தேதி வெளியானது. கல்கி எழுதிய கதை. ஆனந்த விகடனில் தொடராக வரும்போதே படத்தின் காட்சிகளைப் புகைப்படமாகப் போட்டு வெளியிட்டார்கள். இன்றைக்கு டிரைலர், டீசர் என்று செய்கிறார்களே, அதன் கொள்ளுத் தாத்தா இது.

கதை இரண்டு பேரைச் சுற்றி நடக்கிறது. நெடுங்கரை கிராமத்தின் சம்பு சாஸ்திரி ஒருவர். புயல் மழையில் வீடிழந்த சேரி மக்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுக்கிறார், அதற்காக அக்ரகாரம் அவரை ஒதுக்கி வைக்கிறது. பாலயோகினிக்குப் பிறகு சுப்ரமணியத்துக்கு நடந்ததை நினைத்தால், இது அவருடைய சொந்தக் கதை மாதிரியே இருக்கிறது. எழுதியது கல்கி என்றாலும், எடுத்தவருக்கு அந்த வலி தெரியும். சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன், பெரிய சாகித்திய கர்த்தா.

இன்னொருத்தர் சாஸ்திரியின் மகள் சாவித்திரி. எஸ். டி. சுப்புலட்சுமி நடித்தார். கணவன் வீட்டில் கொடுமை, கர்ப்பிணியாகத் துரத்தப்படுகிறாள், பிறந்த குழந்தையை அப்பாவிடமே விட்டுவிட்டுப் போகிறாள். பிறகு பணக்காரியாகத் திரும்பி வருகிறாள். இப்போது கணவனுக்கு மனைவி வேண்டும், கோர்ட்டில் வழக்குப் போடுகிறான். அவள் கூடப் போக மறுக்கிறாள். அதோடு நிற்காமல், வேண்டுமானால் இவருக்கு நான் ஜீவனாம்சம் கொடுக்கிறேன் என்கிறாள். 1939-இல்! இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து என்ற ஒன்றே சட்டத்தில் பொதுவாக இல்லாத காலம். அது வர 1955 வரை காத்திருக்கணும். வக்கீல் படிப்பு வீண் போகவில்லை என்று எனக்குத் தோன்றுவது இந்தக் காட்சியில்தான்.

இதற்குச் சுதந்திரப் போராட்டத்தையும் சேர்த்தார். காந்தி வரும் உண்மையான காட்சிகள், ராட்டை, ஊர்வலம், டி. கே. பட்டம்மாள் பின்னணியில் பாடிய தேசியப் பாட்டு. வெள்ளைக்காரன் ஆட்சியில் இது எப்படி வெளியே வந்தது? 1937 முதல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை இருந்தது, தணிக்கையும் தளர்ந்திருந்தது. அந்த இடைவெளியில்தான் படம் நுழைந்தது. அது தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஜூலை 8-ஆம் தேதி, வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் போனார். அவரையும் சொந்தச் சாதிக்காரர்கள் சும்மா விடவில்லை. அக்டோபரில், இந்தியாவைக் கேட்காமலேயே உலகப் போருக்குள் இழுத்துவிட்டதை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள். ஆட்சி கவர்னர் கைக்குப் போனது. 22 வாரம் ஓடிய தியாகபூமிக்குத் தடை வந்தது. தடை வரப்போவது தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் படத்தை இலவசமாகக் காட்டினார்கள், கூட்டம் தாங்கவில்லை, போலீஸ் உள்ளே வந்து தடியடி நடத்தியது.

முதலில் சாதி தள்ளி வைத்தது, பிறகு அரசாங்கம் தடை போட்டது. இதுவரை கதை நேராகத்தான் போகிறது. ஆனால் இதற்குப் பிறகு வருவதைத்தான் நான் ரொம்ப யோசித்தேன். இங்கே ஜொகூரில் இருந்து பார்க்கும்போது அது இன்னும் சிக்கலாகத் தெரிகிறது.

போர்க் காலத்தில் பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிலிமும் அனுமதியும் அரசாங்கத்தின் கையில். போருக்கு ஆதரவாகப் படம் எடுத்துக் கொடுங்கள் என்று தயாரிப்பாளர்களை நெருக்கினார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் பர்மா ராணி எடுத்தது, ஜெமினி கண்ணம்மா என் காதலி எடுத்தது. சுப்ரமணியம் 1945-இல் எடுத்தது மானசம்ரக்ஷணம், ஜப்பானியருக்கு எதிரான கதை. ஆறு வருஷத்துக்கு முன்னால் எந்த அரசாங்கம் அவர் படத்தைத் தடை செய்ததோ, அதே அரசாங்கத்தின் போருக்கு இவர் படம் எடுத்துக் கொடுக்கிறார்.

அதே நேரத்தில் நம்ம பக்கம் என்ன நடந்தது? 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தை ஏற்றுக்கொண்டார். மலாயாத் தோட்டங்களில் பால் மரம் சீவிக்கொண்டிருந்த தமிழ் இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அவர்கள் போர் செய்தது ஜப்பான்காரனோடு சேர்ந்து, வெள்ளைக்காரனுக்கு எதிராக. அதே ஜப்பான்காரன்தான் ஆயிரமாயிரம் தோட்டத் தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோய்க் கொன்றான். ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை நேதாஜி படையில், பக்கத்து வீட்டு அப்பா சயாமில். இதில் யார் பக்கம் நிற்பது தேசபக்தி? சென்னையில் இருந்த சுப்ரமணியத்துக்கு ஒரு பதில், நம்ம தாத்தாமார்களுக்கு வேற பதில், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள்.

இதனால் அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காங்கிரஸ்காரர்களிலேயே பாசிசத்தை எதிர்ப்பது முக்கியம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அவரை நம்பி ஸ்டூடியோவில் பிழைத்த குடும்பங்களும் இருந்தன. ஆனால் இந்தப் படத்தை மறைத்துவிட்டுத் தியாகபூமியை மட்டும் பேசுவதும் நேர்மை இல்லை. நம்ம ஆட்கள் பெரியவர்களைப் பற்றி எழுதும்போது இப்படித்தான் பாதியை மறைத்துவிடுகிறோம்.

அதே நேர்மையில் இன்னொன்றும் சொல்லணும். பெண்களுக்காக இவ்வளவு பேசியவருக்கு இரண்டு மனைவிகள். முதல் மனைவி மீனாட்சி இருக்கும்போதே எஸ். டி. சுப்புலட்சுமியை மணந்தார். அன்றைய சட்டம் அதை அனுமதித்தது என்பது உண்மை. திரையில் சாவித்திரிக்கு ஜீவனாம்ச வசனம் பேசக் கொடுத்தவர், வீட்டில் இப்படி வாழ்ந்தார் என்பதும் உண்மை. என் தங்கை இதைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தாள். அவள் சுளித்ததில் தப்பில்லை.

படங்களைத் தாண்டியும் நிறைய செய்தார். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1942-இல் நிருத்யோதயா என்ற நடனப் பள்ளியை ஆரம்பித்தார். சதிர் என்று சொல்லிக் கேவலமாகப் பார்க்கப்பட்ட நடனத்தைத் தன் வீட்டுப் பெண்ணுக்கே கற்றுக்கொடுத்தார். அந்த மகள்தான் பத்மா சுப்ரமணியம். 1952-இல் நடிகர் சங்கம் உருவாகவும் முன்னின்று உழைத்தார். மகன் எஸ். கிருஷ்ணசுவாமி ஆவணப்படத் துறைக்குப் போனார்.

நம்ம கதைக்கு வருவோம். இங்கே யாரும் யாரையும் கூட்டம் போட்டுத் தள்ளி வைப்பதில்லை. கோவில் கதவும் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் மண்டபத்தில் தாலிக்கு ஆசீர்வாதத் தட்டு சுற்றி வரும்போது, எந்த அத்தை மெதுவாக எழுந்து பின்னால் போய் நிற்கிறாள் என்று கவனித்திருக்கிறீர்களா? எங்க சொந்தத்தில் ஓர் அத்தை, தான் வளர்த்த பெண்ணின் கல்யாணத்திலேயே தட்டைத் தொடாமல் சமையல் கட்டில் நின்றார். யாரும் போகச் சொல்லவில்லை. அவரே போய்விட்டார். மூன்று, நான்கு தலைமுறையாக இங்கே பிறந்து வளர்ந்த குடும்பங்களில், பிள்ளைகள் காதலிக்கிறார்கள் என்று தெரிந்ததும் முதலில் வருவது படிப்பு, வேலை பற்றிய கேள்வியா, இல்லை அவங்க என்ன ஆளுங்க என்ற கேள்வியா? ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டை நினைத்துப் பாருங்க.

இதையெல்லாம் வெளியே பேசாதே, மற்ற இனத்தவர் முன்னால் நமக்கு அசிங்கம் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். சிறுபான்மையாக வாழ்கிற நமக்கு அந்தப் பயம் நியாயமான பயம்தான், அதை நான் கேலி செய்யவில்லை. சுப்ரமணியத்துக்கும் அதே வாதத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்: வெள்ளைக்காரன் ஏற்கெனவே நம்மைக் காட்டுமிராண்டி என்கிறான், நீயும் படம் எடுத்துக் காட்டணுமா என்று. அவர் வெள்ளைக்காரனையும் விடவில்லை, சொந்தக்காரர்களையும் விடவில்லை. ஒரே படத்தில் இரண்டு பேரையும் கேட்டார்.

1971 ஏப்ரல் 7-ஆம் தேதி, 67-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், சுப்ரமணியம் காலமானார். தியாகபூமியின் பிரதி ஒன்று புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கல்கியின் நாவல் எல்லாக் கடையிலும் கிடைக்கும், இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம். நாவலில் சாவித்திரி கோர்ட்டுக்குப் போகும் பகுதியை மட்டும் முதலில் படித்துவிட்டு, பிறகு ஆரம்பத்திலிருந்து படித்தாலும் பரவாயில்லை. நான் அப்படித்தான் படித்தேன்.